வீடு மாறியதிலிருந்து பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, என்ன செய்வது?

ஏற்காட்டிலிருந்து சேலம் அம்மாப்பேட்டைக்குக் குடி வந்த பிறகு உங்கள் கடுவன் பூனை வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, மெத்தையில் சிறுநீர் வேறு கழிக்கிறது, பழிவாங்குகிறதா, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழியெல்லாம் இல்லைங்க, பயம். பூனைக்கு வீடு என்றால் வாசனைதான். கன்னத்தைக் கதவிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கும், அது அத்தனையும் மலைமேலேயே நின்றுவிட்டது. போதாக்குறைக்கு விடிந்ததிலிருந்து தறிச்சத்தம், அதுவும் நம் காதுக்கு எட்டாத கீச்சொலி கூட அதற்குக் கேட்கும்.

முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பயத்தாலேயே பூனைக்குச் சிறுநீர்ப்பை வீங்கும். கடுவன் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் கல்லீரல் கெட ஆரம்பிக்கும்.

அப்புறம், தெருவை விட்டுத் தள்ளியிருக்கிற ஒரே ஒரு அறையை அதற்கு ஒதுக்குங்கள். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, உள்ளே நீங்கள் கட்டிய பழைய புடவையைத் துவைக்காமல் போடுங்கள். அது சிறுநீர், மலம் கழிக்க மண் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில். மெத்தையைப் பினாயிலால் துடைக்க வேண்டாம், காலில் ஒட்டியதை நக்கினால் பூனைக்கு விஷம்.

தயவுசெய்து காலைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள். எங்கள் கருப்பி இப்படி ஒளிந்திருந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பூ கட்டுவார், அதன் பக்கம் திரும்பினால் கண்ணை மெதுவாக மூடித் திறப்பார், அவ்வளவுதான். காது பக்கவாட்டில் படிந்து, கண்மணி முழுக்கக் கருப்பாக விரிந்திருந்த பூனை, ஒருநாள் அதே மாதிரி கண்ணை மூடித் திறந்தது. வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வந்தால் பயம் தெளிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மேளமும் வெடியும் இருக்கும், அப்போதும் அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

இன்னொரு பூனை இப்போது வேண்டவே வேண்டாம். இருக்கிற இடமே தன்னுடையதா என்று தெரியாமல் தவிக்கிறது, அதில் பங்குக்கு ஆள் வந்தால் சண்டைதான் வரும்.