மூன்று வருஷம் ஆகியும் மாத்திரை எதற்கு?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 29 வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயலிசிஸ் செய்துகொண்டிருந்தவனுக்கு அம்மா ஒரு சிறுநீரகம் கொடுத்தார். கண்டியில் ஒப்பரேஷன் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் 1.2ஐத் தாண்டியதில்லை. ஆனால் மாத்திரையால் கை நடுங்குகிறது, முகமும் ஊதிவிட்டது. வெளிநாட்டில் சிறுநீரகம் மாற்றியவர்கள் மாத்திரையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தான். "அம்மாவுடையதுதானே, உடம்பு இதற்குள் ஏற்றுக்கொண்டிருக்கும்" என்று சொல்லி இரண்டு வாரமாக இரவு மாத்திரையை விட்டுவிட்டான். அம்மாவுக்கு இது தெரியாது. அவன் சொல்வது சரியா டாக்டர்?

பதில்: சகோதரி, விளக்கம் பிறகு. முதலில் இன்று இரவு மாத்திரையைத் தம்பி போடட்டும். விட்டதற்கெல்லாம் சேர்த்து இரட்டிப்பாகப் போட வேண்டாம், எழுதிக் கொடுத்த அளவு போதும். நாளைக் காலையே கிளினிக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள். கொப்பியில் போட்டிருக்கும் திகதி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கண்டிக்குப் போங்கள். அங்கே மழுப்பாமல், இரண்டு வாரமாக இரவு மாத்திரை போடவில்லை என்று அப்படியே சொல்ல வேண்டும். ஏனென்றால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருப்பதைப் பார்க்கும் வைத்தியர் காரணம் தெரியாவிட்டால் மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுவார். அப்புறம் தம்பி இரண்டு வேளையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் மருந்து அளவுக்கு மீறிப் போய் அதே சிறுநீரகத்தைப் பாதிக்கும். திட்டுவார்களே என்று பயப்பட வேண்டாம். சொன்னால்தான் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

இனி உங்கள் கேள்வி. தம்பி பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மாவுடையது என்றாலும் அந்தச் சிறுநீரகம் பாதிதான் அவனுடையது. திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுத் தொகுதி நமக்கு ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வருகிறது. ஆகவே அம்மாவின் திசு பிள்ளைக்குப் பொதுவாகப் பாதி பொருந்தும், மறுபாதி அந்நியம். உடன்பிறந்தவர்கள் என்றால் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே கருவில் இருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மட்டுமே எல்லாம் ஒன்று. 1954 டிசம்பரில் பொஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அப்படிப்பட்ட இரட்டையர்களுக்குள் நடந்ததுதான். வாங்கிய சகோதரர் எட்டு வருஷம் வாழ்ந்தார். எதிர்ப்பை அடக்கும் மருந்து அவருக்குத் தேவைப்படவே இல்லை.

தம்பி போடும் மாத்திரை, சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளும்படி உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. எதிர்ப்பை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வீட்டு நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவது வேறு, வந்தவரோடு அது பழகிவிடுவது வேறு, இல்லையா? நாயென்றால் மூன்று வருஷத்தில் பழகியிருக்கும். எதிர்ப்புச் சக்தி அப்படிப் பழகாது. எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் நாள் தவறாமல் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றில் டி கலங்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தேறி வருகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். ஆனால் தம்பியின் தைமஸுக்கு அம்மாவின் திசுவில் இருக்கும் அந்த மறுபாதி தெரியாது. ஆகவே அதைத் தாக்கக்கூடிய கலங்கள் தப்பி வந்துகொண்டே இருக்கும். மூன்று வருஷம் என்றாலும் பத்து வருஷம் என்றாலும் இதில் மாற்றமில்லை.

அப்படியானால் உண்மையான ஏற்பு எப்படி வரும்? இதற்கு முதல் தடயம் மாட்டிலிருந்து கிடைத்தது. தாய் வயிற்றில் ஒரே இரத்த ஓட்டத்தைப் பகிர்ந்த இரட்டைக் கன்றுகள், வளர்ந்த பிறகும் ஒன்றின் இரத்தக் கலங்களை மற்றொன்று சுமந்துகொண்டு எந்த எதிர்ப்பும் காட்டாமல் இருப்பதை 1945இல் ரே ஓவன் எழுதினார். 1953இல் பீட்டர் மெடவாரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சுண்டெலிகளில் செய்தே காட்டினார்கள். பிறக்காத குட்டிக்கு வேறு இன எலியின் கலங்களை ஊசியால் செலுத்தினார்கள். அந்தக் குட்டி வளர்ந்ததும் அதே இனத்தின் தோலை ஒட்டினால் ஏற்றுக்கொண்டது, மூன்றாவது இனத்தின் தோலை உதறித் தள்ளியது. எதிர்ப்புச் சக்தி மொத்தமாகக் கெடவில்லை, ஒரே ஒரு அந்நியரை மட்டும் சொந்தமாக எடுத்துக்கொண்டது. நாங்கள் தேடும் ஏற்பு என்பது இதுதான். மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை மனிதரில் கொண்டுவருவதுதான் கஷ்டம். தம்பி பார்த்தது அநேகமாக அமெரிக்க ஆய்வுகளில் ஒன்றாக இருக்கும். பொஸ்டனில் ஒரு குழு, பாதிப் பொருத்தம் உள்ள உறவினரின் சிறுநீரகத்தோடு அதே நபரின் எலும்பு மச்சையையும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கு முன்னால் நோயாளியின் சொந்த எதிர்ப்புக் கலங்களைக் கடும் மருந்துகளாலும், தைமஸ் மேல் கதிர்வீச்சாலும் குறைத்தார்கள். 2008இல் வெளியான முடிவில் ஐந்து பேரில் நான்கு பேர் மாத்திரையை முழுதாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. பின்னாட்களில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியும் வந்தது. ஸ்டன்ஃபோர்டில் முழுப் பொருத்தமுள்ள சகோதரர்களிடையே இதுபோல வேறொரு முறையில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். இன்னொரு வழி, எதிர்ப்பை அடக்கும் தன்மையுள்ள டி கலங்களையே மருந்தாகக் கொடுப்பது. இந்தக் கலங்களைக் கண்டுபிடித்த ஷிமோன் சகாகுச்சிக்கும் வேறு இருவருக்கும் 2025இல் நோபல் கிடைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வு ஒன்றில் இவ்வகைக் கலங்களைப் பெற்ற சிலருக்கு வழக்கமான மூன்று மருந்தை ஒன்றாகக் குறைக்க முடிந்தது.

இவை எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் விஷயங்கள். ஆனால் வீடியோவில் வராததைக் கவனியுங்கள். இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே அல்லது அதோடு சேர்த்தே தொடங்கப்பட்டவை. மாத்திரையை மாதக்கணக்கில், இரத்தத்தையும் சிறுநீரகத் திசுவையும் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். அதிலும் கொடுத்தவரின் மச்சையோடு வந்த கலங்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் அபாயம் உண்டு, அது உயிரைக் குடிக்கக்கூடியது. தம்பிக்கு நடந்தது சாதாரண மாற்றுச் சிகிச்சை, இந்த வகை இல்லை.

தானாக மாத்திரையை நிறுத்தியும் சிறுநீரகம் கெடாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மிகச் சிலர். அவர்களுடைய இரத்தத்தை ஆராய்ந்து என்ன வித்தியாசம் என்று தேடுகிறார்கள். ஆனால் இவருக்கு நிறுத்தலாம், அவருக்கு நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே நம்பிச் சொல்லக்கூடிய பரிசோதனை இன்னும் வரவில்லை. நிறுத்திப் பார்த்துச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் வீடியோ போடுவதில்லை.

நிராகரிப்பு, அதாவது மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தாக்குவது, பெரும்பாலும் வலியோடு வருவதில்லை என்பதும் தம்பிக்குப் புரிய வேண்டும். பல நேரம் காய்ச்சலோ வீக்கமோ இல்லாமலே உள்ளே நடக்கும். கிரியேட்டினின் ஏறும்போது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். இன்றைக்கு 1.2 என்று இருந்தாலும் அதை வைத்து நிம்மதியடைய முடியாது. இரத்தத்தில் அம்மாவின் திசுவுக்கு எதிரான பிறபொருளெதிரி (அந்நியத்தைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) தோன்றிவிட்டால் அதைப் பிறகு எளிதில் ஒழிக்க முடியாது. நாளைக்கு இன்னொருவர் கொடுக்க முன்வந்தாலும் பொருத்தம் அமைவது கடினமாகிவிடும்.

சரி, கை நடுக்கமும் முகமும்? அது சும்மா சொல்லும் புகார் இல்லை. எதிர்ப்பை அடக்கத் தரும் மாத்திரைகளில் நடுக்கம் அநேகமாக டக்ரோலிமஸால், முகம் ஊதுவது பிரெட்னிசொலோனால். இரண்டையும் வைத்தியர் சரிசெய்து பார்க்கலாம், அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். அதைக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள். டக்ரோலிமஸ் அளவு பார்க்கும் இரத்தம், காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டியது. ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறுகிறவர்கள் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வருவார்கள். அப்போது அளவு பொய்யாகக் கூடித் தெரியும், அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்கு மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், இரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.

வேறு சில கவனங்களும் உண்டு. இடுப்பு வலி, தலைவலி என்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. பம்பளிமாஸ் பழம் வேண்டாம், அது மருந்தின் அளவைக் கூட்டிவிடும். கடுமையான வயிற்றோட்டம் வந்தாலும் அளவு ஏறும், அப்போது கிளினிக்கைக் கேளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலோ வேறு டொக்டரிடமோ மருந்து எடுத்தால், சிறுநீரகம் மாற்றியது என்று முதலில் சொல்லட்டும். சில அன்டிபயோட்டிக்கும் காசநோய் மருந்தும் டக்ரோலிமஸைப் பெரிய அளவில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பார்மசியில் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் கிளினிக்குக்குத் தெரியாமல் மாற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடும் இடம் நம்முடையது. இரண்டு வாரத்துக்கு மேலதிக மாத்திரை எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, அம்மா. கொடுத்தவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர், சீனி, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிறவர் என்றால் தண்ணீர் குடிப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மலையில் நாள் முழுக்கக் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். வலி மாத்திரை விஷயம் அவருக்கும் பொருந்தும். இந்த வாரம் தம்பியோடு அவரையும் கண்டிக்குக் கூட்டிப் போங்கள். போகும் முன் நடந்ததைத் தம்பியே அவரிடம் சொல்லிவிடட்டும். இரவு மாத்திரையை ஞாபகப்படுத்த வீட்டில் இன்னொருவர் இருப்பது நல்லது.