சித்தி இல்லாத ஊர்

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன், இப்போது வாரம் மூன்று நாள் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் சோழிங்கநல்லூர், பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, கோவையில் சரவணம்பட்டி. எது வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வாடகை, வெயில், சாப்பாடு, பாதுகாப்பு என்று எக்செல் போட்டு மார்க் கொடுத்துப் பார்த்தேன். கோவைதான் முதலிடம். அம்மாவுக்கும் அதுதான் ஆசை, பீளமேட்டில் சித்தி வீடு இருக்கிறது. ஆனால் எனக்கு என்னவோ பெங்களூர் போக வேண்டும் போலிருக்கிறது. குளிர் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜத்தில், யாருக்கும் என்னைத் தெரியாத ஓர் ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது அசட்டுத்தனமா?

பெயர் வேண்டாமே.

அன்புள்ள கோவில்பட்டிக்கு,

அசட்டுத்தனம் இல்லை. கோவை முதலிடம் என்று கணக்கு வந்த பிறகும் சந்தோஷப்படாமல் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அப்போதே முடிவு எடுத்தாகிவிட்டது.

சித்தியை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்தால் ரசத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வர ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமா என்ன? ஆனால் பீளமேடும் சரவணம்பட்டியும் பக்கத்துப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்கிற அளவுக்குப் பக்கம். நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு யாருடனோ காபி குடித்தது சித்திக்குத் தெரிந்து, சித்தியிடமிருந்து அம்மாவுக்குப் போய், அம்மாவிடமிருந்து உங்களுக்கே திரும்பி வரும்போது அது காபியாக இருக்காது. கோவை நல்ல ஊர்தான், சிறுவாணித் தண்ணீரைக் குடித்தவர்கள் வேறு ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லியே தீருவார்கள், முப்பது வயதுக்கு மேல் அங்கே போய் உட்காரலாம் என்று எனக்கே ஒரு காலத்தில் ஆசை இருந்தது. இப்போது உங்களுக்கு அது வேண்டாம்.

நான் 1998-இல் சென்னைக்கு வந்தேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், எட்டரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாழ்க்கையைப் பற்றி ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு ஏது மேன்ஷன்? எங்கள் சுதந்திரமெல்லாம் தாம்பரம் வண்டியின் லேடீஸ் பெட்டியும் ஒரு சீசன் டிக்கெட்டும்தான். தெரிந்தவர் யாரும் இல்லாத அந்தப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடற்கரை வரைக்கும் சும்மா போய்விட்டுத் திரும்பி வருவேன். ஊரில் அதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 2006-லிருந்து நாலு வருஷம் பெங்களூரில், அல்சூரில் இருந்தேன். ஏரிக்கரை, சோமேஸ்வரர் கோவில், தமிழ் பேசும் பூக்காரம்மா, ஊரை விட்டு வந்தது போலவே இருக்காது. எனக்கு அது வசதியாக இருந்தது, அதனாலேயே கன்னடம் கற்றுக்கொள்ளாமல் விட்டேன். இன்னும் வெட்கம்தான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 'கன்னட கொத்தில்லா' என்று சொல்லிக்கொண்டே எத்தனை வருஷம் ஓட்டுவது? ஒந்து, எரடு, மூரு, எவ்வளவு என்பதற்கு எஷ்டு, இதில் தொடங்கினாலே கடைக்காரர் முகம் மாறும். மாறி என்ன, அவர் பதிலுக்குத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார், அது வேறு கதை.

குளிர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், ராத்திரியில் போர்வை தேவைப்படும், பொய்யில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் அம்மாவை அழைத்துப் போய்விடாதீர்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாடகையை எக்செல்லில் போட்டீர்களே, தண்ணீரைப் போட்டீர்களா? பெங்களூருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, கீழேயிருந்து மேலே பம்ப் செய்யப்பட்டு வருகிறது. புறநகரில் எல்லா வீட்டுக்கும் அது வந்துவிடுவதில்லை. 2024 கோடையில் போர் வற்றி, டேங்கருக்கு வரிசையில் நின்றதில் ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்குமாடிகளும் உண்டு. அதனால் அறை பார்க்கும்போது காவிரியா, போரா, டேங்கரா என்று கேளுங்கள். ஓனரிடம் அல்ல, கீழே இஸ்திரி போடுகிறவரிடம்.

முதல் வருஷம் தனி வீடு எடுக்காதீர்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பார்கள், பேசினால் ஐந்து ஆறுக்கு இறங்கி வருவார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துவிட்டுத்தான் மீதி வரும். என் ஓனர் பெயின்டுக்கும் கழித்தார், அதற்கு முன்னாலேயே சுவரில் இருந்த ஆணி ஓட்டைக்கும் கழித்தார். பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதியில் இருங்கள், சாப்பாடு வாயில் வைக்க விளங்காது, பிடிக்காவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இடம் பார்ப்பதில் ஒரே ஒரு பிடிவாதம் வைத்துக்கொள்ளுங்கள்: பர்ப்பிள் லைன் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். நான் இருந்தபோது எம்.ஜி. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், 2011-இல் முதல் வண்டி ஓடியபோது நான் திரும்பி வந்தாகிவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து அந்த லைன் இடையில் அறுபடாமல் ஒயிட்ஃபீல்டு வரை ஓடுகிறது. அல்சூர், இந்திராநகர், கே.ஆர்.புரம் எல்லாம் அதன் மேல்தான். பஸ் விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு. இங்கே சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் யாரானாலும் இலவசமாக ஏறலாம், அங்கே சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி காட்ட வேண்டும்.

சென்னையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனசில்லை. அங்கிருந்து கோவில்பட்டிக்கு ராத்திரி வண்டி என்றால் நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி என்று வரிசையாகச் சொல்லலாம். பெங்களூரிலிருந்து மைசூரு-தூத்துக்குடி வண்டியும் நாகர்கோவில் வண்டியும்தான் கை கொடுக்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கல் டிக்கெட்டுக்கு அன்று காலை எட்டு மணிக்கு போனோடு உட்கார்ந்திருங்கள். காவிரிக்காக பந்த் என்றால் நம்மூர் பஸ்கள் ஓசூரோடு நின்றுவிடும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் சோழிங்கநல்லூரில் கோவில்பட்டிக்காரர் ஒருவர் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார், அவருக்கு உங்கள் மாமாவைத் தெரிந்திருக்கும். இது நிச்சயம்.

மாதக் கடைசிக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சனி ஞாயிறில் வேண்டாம், அப்போது எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு இந்திராநகர் ஸ்டேஷனில் ஒயிட்ஃபீல்டு வண்டியில் ஏறுங்கள், சாயங்காலம் ஆறரைக்கு அதே வண்டியில் திரும்புங்கள். கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்த பிறகும் அந்த ஊர் வேண்டும் என்று தோன்றினால் அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டுவிடுங்கள். குளிர் என்று சொல்ல வேண்டாம்.