வாசலுக்கு வந்த தராசு

கேள்வி: பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டு அறையைச் சுத்தம் செய்தபோது, மாமியாரின் சீர்ப் பாத்திரங்களில் கொஞ்சத்தை வாசலுக்கு வந்த பழைய பாத்திர வியாபாரியிடம் எடைக்குப் போட்டோம். கொக்கித் தராசில் நிறுத்து, மொத்தம் 31 கிலோ பித்தளை என்று பணம் கொடுத்தார். ஓர் அண்டாவை மட்டும் மாமியார் கொடுக்கவில்லை. வியாபாரியின் தராசில் 6 கிலோ காட்டிய அது, மளிகைக் கடையில் ஏழரை கிலோ. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: முடியாது. அங்கே வழக்குப் போட நீங்கள் பொருளை வாங்கியவராக இருக்க வேண்டும். இங்கே விற்றவர் நீங்கள். ஆனால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், வாங்கும்போது எடையில் ஏமாற்றி அதிகம் எடுத்துக்கொள்வதையும் குற்றம் என்கிறது. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. வியாபாரி வந்த வண்டியின் எண் தெரிந்தால் அங்கேயும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். ரசீது, வண்டி எண் இரண்டுமே இல்லையென்றால், உள்ளதைச் சொல்கிறேன், பணம் திரும்புவது கடினம்.

கொக்கித் தராசில் வித்தை சுலபம். கனமான சாக்கை மாட்டி, 'டேர்' பட்டனை அழுத்திச் சுழியாக்குவார்கள். பிறகு சாக்கைக் கழற்றிவிட்டு அண்டாவை மாட்டினால், சாக்கின் எடை அண்டாவில் கழிந்துவிடும். திரை அவர் பக்கமே இருக்கும். சிலர் முழங்காலால் அடியில் லேசாகத் தாங்கவும் செய்வார்கள். வெறும் கொக்கியில் சுழி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிரிக்காத 5 கிலோ மாவுப் பையை மாட்டச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் மறுக்கமாட்டார். மின்னணுத் தராசென்றால் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை போட்டிருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

எடையைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடந்திருக்கலாம். அந்த 31 கிலோவில் வெண்கலப் பானையும் செம்புத் தவலையும் இருந்தனவா? இரண்டுக்கும் பித்தளையைவிட விலை அதிகம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு 'பித்தளை' என்று நிறுத்துவது இந்த வியாபாரத்தில் பழைய பழக்கம். அதிலும் விலாசம் (குடும்பப் பெயரின் எழுத்துகள்) வெட்டிய செட்டிநாட்டுப் பாத்திரத்தை எடைக்குப் போடுவதே நஷ்டம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இவற்றை உருப்படிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். இனாமல் தூக்குக்குக்கூட அங்கே ஆள் இருக்கிறது.

மாமியார் விடாமல் பிடித்துக்கொண்ட அண்டாவை விற்பதாக இருந்தால், முதலில் அந்தத் தெருவில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு வாருங்கள். அண்டாவைக் கொண்டு போக வேண்டாம், போட்டோ போதும்.