அடுப்படி பதில்கள்: வெண்டைக்காயும் அதன் கொழகொழப்பும்

போன இதழில் போகிற போக்கில் வெண்டைக்காயைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. சரி, இந்த முறை வெண்டைக்காயே ஆகட்டும்.

வாசகி, அஸ்தம்பட்டி: அக்கா, ராத்திரி நாலு வெண்டைக்காயைக் கீறித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சுகர் இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத்தான் குடிக்கிறார். சரிதானா?

சரியில்லை கண்ணு. மாத்திரையை நிறுத்திய விஷயத்தை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, மறுபடி ஆரம்பிக்கிற வழியைப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

வெண்டையில் இருக்கிற கொழகொழப்பு, தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. குடலுக்குள் போய்ச் சாப்பாட்டைக் கெட்டியாக்கி, சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தை அது தணிக்கும். அதனால் வாட்ஸ்அப்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு வெண்டைப் பொடி கொடுத்துப் பார்த்த சின்னச் சின்ன ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கிறது. அதுவும் மாத்திரையோடு கூடத்தான், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. இன்னொன்றும் உண்டு. எலிகளுக்கு வெண்டையின் நார்ச்சத்தையும் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்து உடம்பில் ஏறுவதே குறைந்துபோனது. மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மாத்திரை போடுகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். காயைக் குப்பையில் போட்டுவிட்டு அது ஊறிய தண்ணீரைக் குடிப்பது என்ன கணக்கு? நார்ச்சத்தில் பெரும்பங்கு காயோடு போய்விடுகிறதே. 100 கிராம் பச்சை வெண்டைக்காயில் சுமார் 33 கலோரிதான். நார்ச்சத்து 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல், வைட்டமின் சி 23 மில்லிகிராம், ஃபோலேட் 60 மைக்ரோகிராம். இதையெல்லாம் மென்று தின்னச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி டயட் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் சுகர்காரர்களின் டப்பாவைத் திறந்தால் வெண்டைக்காய் பொரியலுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். பக்கத்தில் மலையாகச் சோறு. வெண்டைக்காய் பாவம் என்ன செய்யும்?

மாணவர், ஓமலூர்: நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கிச் சமைக்கிறேன் அம்மா. நான் செய்கிற வெண்டைக்காய் பொரியல் கூழாகிவிடுகிறது. கிண்டல் தாங்கவில்லை.

தம்பி, நறுக்கிய பிறகுதானே கழுவுகிறாய்? அங்கேதான் கோளாறு. தண்ணீர் பட்டால்தான் அந்தக் கொழகொழப்பு விரிந்து நூல் நூலாக இழுக்கும். முழுக்காயாகக் கழுவி, துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில் காயவிடு. கத்தியும் பலகையும்கூட ஈரமில்லாமல் இருக்கட்டும். பொடிப்பொடியாக நறுக்காதே, வெட்டுவாய் அதிகமானால் வழவழப்பும் அதிகம். அரை விரல் நீளம் போதும்.

அகலமான வாணலி, நல்ல சூடு. மூடி போடாதே, போட்டால் ஆவி தண்ணீராகித் திரும்பக் காயிலேயே விழும். முதலில் வதக்கும்போது நூல் இழுக்கத்தான் செய்யும், பயந்து கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்காதே. ஓரம் சிவக்க ஆரம்பித்ததும் நூல் தானாக அறுந்துவிடும். உப்பு கடைசியில், முன்னாடியே போட்டால் காய் தண்ணீர் விடும். அவசரமென்றால் அரை மூடி எலுமிச்சை பிழி. புளிப்பு பட்டால் கொழகொழப்பு முறிந்துவிடும். நம் ஆட்கள் வெண்டையைப் புளிக்குழம்பிலும் மோர்க்குழம்பிலும் போட்டது சும்மாவா? நல்லெண்ணெயில் தனியாக வதக்கி, புளிக்கரைசல் கொதித்த பிறகு சேர்த்துப் பார். ராகிக் களி கிண்டத் தெரிந்தவன் எவனாவது ரூமில் இருந்தால் அதற்கு இதைவிடத் தோது வேறில்லை.

ஆறாம் வகுப்பு மாணவன், கிச்சிப்பாளையம்: வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வருமா?

கணக்குப் போட்டால்தான் கணக்கு வரும் சாமி. வெண்டைக்காயும் சாப்பிடு.

வாசகர், காடையாம்பட்டி: எங்கள் தாத்தா காலத்தில் வெல்ல ஆலையில் கரும்புச்சாற்றோடு வெண்டைச் செடியைக் கசக்கி ஊற்றுவார்களாம். கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். பச்சை வெண்டைத் தண்டை நசுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு நீர் இறங்கும். கொப்பரையில் சாறு சூடேறி வரும்போது அதை ஊற்றுவார்கள். சாற்றில் இருக்கிற தூசி, சக்கைத் துணுக்கு, கண்ணுக்குத் தெரியாத கசடு எல்லாவற்றையும் அது இழுத்துப் பிடித்துக்கொண்டு, கரும்பச்சை நுரையாக மேலே வந்து ஒதுங்கும். அதை வழித்துக் கொட்டிவிட்டால் கீழே தெளிந்த சாறு. வடக்கே கரும்பு விளைகிற ஊர்களிலும் இந்த முறை உண்டு.

ஆனால் வெண்டை அழுக்கைத்தான் எடுக்கும், வெல்லத்தை வெளுக்க வைக்காது. நமக்கோ வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக வேண்டும். அந்த நிறத்துக்காகத்தான் சில இடங்களில் ஹைட்ராஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டுகிறார்கள். கந்தகச் சேர்மம் அது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. சேலம் செவ்வாய்பேட்டை வெல்ல மண்டிப் பக்கம் போனால் கருத்த உருண்டையாகக் கேட்டு வாங்குங்கள். "பொங்கல் கலர் வராதுங்களே" என்பார்கள். வராவிட்டால் போகட்டும்.

வாசகி, ஏற்காடு: வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸும் சௌசௌவும் தாராளமாக வருகிறது. வெண்டை மட்டும் முளைக்கவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். வெண்டைக்கு மண் சூடு வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே விதை சுணங்கிவிடும். மார்கழி, தையில் போடாதீர்கள். வெயில் ஏறிய பங்குனியில், விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, சுவரோரம் வெயில் விழுகிற தொட்டியில் போட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கீழே சேலம் உழவர் சந்தையில் நிறையக் கிடைக்கிறது, உங்கள் சௌசௌ அங்கே வருகிற மாதிரி.

வாசகர், ஆத்தூர்: இதய ஆபரேஷனுக்குப் பிறகு வார்ஃபரின் சாப்பிடுகிறேன். வெண்டைக்காய் ஆகாது என்கிறார்களே?

ஒதுக்க வேண்டியதில்லை. வார்ஃபரின் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மருந்து, வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும். வெண்டையில் அந்த வைட்டமின் கே உண்டு, 100 கிராமுக்கு 30 மைக்ரோகிராம் அளவில். கீரையோடு ஒப்பிட்டால் கம்மி. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். திடீரென்று தினமும் அரைக்கிலோ என்று இறங்கினால்தான் ரத்தப் பரிசோதனை அளவு ஆடும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெண்டையில் ஆக்சலேட் இருக்கிறது.

வாசகி, தலைவாசல்: சொந்தக் காட்டில் வெண்டை போட்டிருக்கிறோம். விலை விழுந்துவிட்டது. முற்றுவதற்குள் என்ன செய்வது?

வத்தல் போடுங்கள். ஒடித்தால் நுனி பட்டென்று முறிகிற காயாகப் பொறுக்கி, வட்டமாக நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பகலில் காயை மட்டும் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை இப்படி; அதற்குப் பிறகு நல்ல வெயில். கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரவேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை, டப்பாவில் பூசணம் பிடிக்கும். கம்மங்கூழுக்குப் பொரித்துத் தொட்டுக்கொள்ளலாம். உப்பு ஏறின பண்டம், ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஒன்றிரண்டு போதும். காய் பறிக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுணை பட்டால் அன்றைக்கெல்லாம் அரிக்கும்.