பழைய கொடியின் ஒயினுக்குக் கூடுதல் விலை தரலாமா?

மெல்போர்னில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஓய்வு பெறப்போகும் என் மேலாளருக்கு நல்ல சிவப்பு ஒயின் ஒன்று வாங்கித் தர ஆசை. அவருக்கு பரோசா ஷிராஸ் (தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதியில், ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சையில் செய்யும் ஒயின்) என்றால் உயிர். கடையில் ஒரு பாட்டில் 30 டாலர். ‘ஓல்டு வைன்’ என்று எழுதிய இன்னொன்று 140 டாலர். இரண்டிலும் 2021 என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் எது பழையது? இந்த விலை தகுமா?”

கொடியைச் சொல்லும் vine, மதுவைச் சொல்லும் wine இரண்டும் நம் எழுத்தில் ஒன்றுபோல ‘வைன்’ என்று ஆகிவிடுவதால், இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. இங்கே பழையது ஒயின் இல்லை, அந்தத் திராட்சை காய்த்த கொடி. 2021இல் பறித்த பழம், 1843இல் நட்ட கொடியிலிருந்தும் வந்திருக்கலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பரோசாவின் லாங்மைல் ஒயின் ஆலையில், கிறிஸ்டியன் ஆரிக்ட் என்ற குடியேறி 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

பரோசாவில் இவ்வளவு பழைய கொடிகள் எப்படித் தப்பின? 1860களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸில் நுழைந்து, ஐரோப்பியத் தோட்டங்களை வரிசையாக அழித்தது. அதன்பின் அங்கே பெரும்பாலான கொடிகளை, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் நட்டார்கள். உங்கள் விக்டோரியா மாநிலத்துக்குள்ளும் 1870களில் அது வந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவோ கடுமையான கட்டுப்பாடுகளோடு எல்லையைக் காத்தது. இன்றுவரை அங்கே அந்தப் பூச்சி கால் வைக்கவில்லை. அதனால் அந்தக் கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பூச்சியிடம் தப்பியவை மனிதர்களிடம் மாட்டிக்கொண்டன. 1980களின் நடுவில் சிவப்புத் திராட்சை தேங்கிப் போனது. கொடியைப் பிடுங்கும் விவசாயிகளுக்கு மாநில அரசே பணம் கொடுத்தது. நூறு வயதுக் கொடிகள் எத்தனையோ அப்போது போயின. நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. பரோசாவின் ஒயின் தயாரிப்பாளர் பீட்டர் லேமன் போன்ற சிலர், வேறு யாரும் வாங்காத திராட்சையை அந்த விவசாயிகளிடம் வாங்கிக்கொண்டதால்தான் மிச்சம் பிழைத்தது.

சரி, விலைக்கு வருவோம். முதிர்ந்த கொடி குறைவாகத்தான் காய்க்கும். பலவற்றுக்குப் பந்தலோ கம்பியோ கிடையாது. குத்துச்செடி போல நிற்கும். கவாத்தும் அறுவடையும் கையால்தான். அதே நிலத்தில் இளங்கொடி நட்டு இயந்திரத்தால் அறுத்தால், பல மடங்கு பழம் கிடைக்கும். இந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். ஆழ வேர் விட்ட கொடி வறண்ட ஆண்டிலும் தடுமாறாது. பழத்தின் தரம் அவ்வளவாக ஏறி இறங்காது.

ஆனால் வயது மட்டுமே சுவையைத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மோசமான மண்ணில் இருந்த கொடிகளை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். நூறு ஆண்டு நிற்க விட்டிருக்கிறார்கள் என்றால், அந்த மண் ஆரம்பத்திலிருந்தே நல்ல பழம் தந்திருக்கிறது. ‘பழைய கொடி’ என்பதற்குப் பின்னால் உள்ள பாதி ரகசியம் இதுதான்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் லேபிளில் அறுவடை ஆண்டு, ரகம், பகுதி எழுதினால், ஒயினில் குறைந்தது 85% அதுவாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ‘ஓல்டு வைன்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சட்ட வரையறை இல்லை. பரோசாக்காரர்கள் 2009இல் தாங்களே ஒரு சாசனம் வகுத்தார்கள்: 35 வயது தாண்டினால் ‘ஓல்டு’, 70 தாண்டினால் ‘சர்வைவர்’, 100 தாண்டினால் ‘சென்டினேரியன்’, 125 தாண்டினால் ‘ஆன்செஸ்டர்’. ஆக, வெறும் ‘ஓல்டு வைன்’ என்றால் 35 வயதாகக்கூட இருக்கலாம்!

அதனால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். தோட்டத்தின் பெயரும் நட்ட ஆண்டும் இருந்தால், 140 டாலர் தாராளமாகத் தரலாம். இரண்டும் இல்லாமல் அந்தச் சொல் மட்டும் பெரிதாக மின்னினால் நான் வாங்க மாட்டேன். அவருக்கு ஷிராஸ்தான் வேண்டும் என்றில்லை என்றால், பழைய கொடியில் காய்த்த கிரெனாஷ் (இன்னொரு சிவப்புத் திராட்சை ரகம்) ஒயினைக் கேட்டுப் பாருங்கள். அதே முதிர்ச்சி, பல சமயம் குறைந்த விலையில் கிடைக்கும். இளமையிலேயே குடிக்கவும் இதமாக இருக்கும்.

2021 ஷிராஸ் இன்னும் இளசு. இப்போதே திறப்பதானால், வாயகன்ற ஜாடியில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடச் சொல்லுங்கள். மெல்போர்ன் கோடையில், பரிமாறும் முன் அரை மணி ஃபிரிட்ஜில் வைத்தால் 16 முதல் 18 டிகிரிக்கு இறங்கும். வெதுவெதுப்பாகக் குடித்தால் ஆல்கஹால் நெடிதான் தூக்கலாகத் தெரியும். விருந்துக்கு ஆட்டுக்கறி பொருத்தம். மிளகாயை மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும், இந்த ஒயின் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

அவர் எடுத்து வைக்க விரும்பினால், நல்ல தோட்டத்து ஷிராஸ் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கும். கார்க் போட்டது என்றால் படுக்க வைக்க வேண்டும். திருகு மூடிக்கு அது தேவையில்லை. சமையலறை அலமாரி மட்டும் வேண்டாம். அடுப்புச் சூட்டில் ஒரு நல்ல பாட்டிலை நான் அப்படித்தான் இழந்தேன். மூன்று கோடை தாண்டித் திறந்தபோது வேகவைத்த பழம் போல மணத்தது.