பிலிங் காயை என்ன செய்வது? கேள்வி பதில்

கொழும்பில் குடியிருக்கும் எங்கட ஆக்கள் பலர் பிலிங் காயை அயல் வளவில் கண்டிருப்பார்கள், சட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும் அந்தப் பச்சைக் காயைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் இதை விரும்பிச் சமைக்கிறவள். நீங்களும் சமைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெள்ளவத்தை: பக்கத்து வீட்டு அன்ரி ஒரு பை நிறையத் தந்தவா. ஊரில இதைச் சமைச்சுப் பழக்கமில்லை. முதல்ல எதில போட்டுப் பாக்கலாம் அக்கா?

மீன் குழம்பில் போடுங்கோ. பழப்புளி கரைத்து விடும் இடத்தில் பிலிங், அவ்வளவுதான். அரைக் கிலோ மீனுக்கு ஐந்தாறு காய் போதும். காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கோ. மண்சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, கறித்தூளும் தேங்காயின் இரண்டாம் பாலும் விட்டு, கொதி வந்ததும் காயைச் சேருங்கோ. கொஞ்ச நேரத்தில் அந்த இளம்பச்சை மங்கும், தோல் சுருங்கும், உள்ளே சதை குழையத் தொடங்கும். அப்போது குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பாருங்கோ. புளிப்புக் காணும் என்றால் பாதிக் காயை அகப்பையால் எடுத்துவிடலாம். கரைத்து விட்ட பழப்புளியை அப்படி எடுக்க முடியாது. பிறகுதான் மீன். முதற்பாலைக் கடைசியில், அடுப்பைக் குறைத்து விடுங்கோ. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் திரைந்துபோகும். சூரை, சாளை போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள மீனுக்கு இந்தப் புளிப்பு மிகவும் பொருந்தும்.

தெஹிவளை: பருப்போட சேத்து அவிச்சன். பருப்பு மசியவே இல்லை. ஏன்?

புளிப்பு முதலே சேர்ந்தால் பருப்பும் சரி, உருளைக்கிழங்கும் சரி, மெதுமையாக வெகுநேரம் எடுக்கும். பருப்பு மலர்ந்த பிறகு இரண்டு காயை அரிந்து போட்டு ஒரு கொதி விடுங்கோ.

கொட்டாஞ்சேனை: அலுமினியச் சட்டியில வைக்கலாமோ?

வேண்டாம். பித்தளை விளக்கை மினுக்க எடுக்கிற காய் இது, அந்தப் புளிப்பு அலுமினியத்தையும் அரிக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர்.

பம்பலப்பிட்டி: இதின்ர சாறு குடிச்சால் சீனியும் கொலஸ்ட்ரோலும் குறையும் எண்டு சொல்லுகினம். அம்மாவுக்கு வெறும் வயித்தில குடுக்கலாமோ?

தயவுசெய்து கொடுக்காதேங்கோ. இந்தக் காயின் புளிப்புக்குப் பெரும் காரணம் ஒக்ஸாலிக் அமிலம். சாறாகப் பிழிந்து குடிக்கும்போது அது ஒரேயடியாக உடம்புக்குள் போய், சிறுநீரகத்தில் கல்சியத்தோடு சேர்ந்து பளிங்குத் துணுக்குகளாகப் படியும். கேரளத்திலும் இதே நம்பிக்கையில் குடித்திருக்கிறார்கள். 2013இல் அங்கிருந்து வெளிவந்த மருத்துவ அறிக்கை ஒன்று, பிலிங் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த 10 பேரைப் பற்றிச் சொல்கிறது. அவர்களில் 7 பேருக்கு டயலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. குழம்பில் ஆளுக்கு ஒரு காய் விழுவதும், கிளாஸ் கணக்கில் பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் குழம்பிலும் தவிர்ப்பதே நல்லது. இதே இனத்துக் காமரங்காயும் (நட்சத்திரப் பழம்) அவர்களுக்கு ஆகாது; அதில் நரம்பைத் தாக்கும் நஞ்சு ஒன்றும் இருக்கிறது, பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. அம்மா சீனிக்கு மருந்து எடுக்கிறவ என்றால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் நாள்பட்ட சீனி வருத்தம் சிறுநீரகத்தையும் பாதிக்கும். டொக்டரிடம் கேட்காமல் எந்தச் சாறும் வேண்டாம்.

கிருலப்பனை: நாங்கள் சைவம். மீன் இல்லாமல் வழி இருக்கோ?

தாராளமாக. சம்பல் செய்யுங்கோ. காயை மெல்லிய வட்டமாக அரிந்தால் ஒவ்வொன்றும் மழுங்கின ஐந்து மூலை நட்சத்திரமாக விழும். உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்து, கசிந்த தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூவோடு கலவுங்கோ. இரண்டு மூன்று காயே ஒரு குடும்பத்துக்குக் காணும். தேசிக்காய் விடத் தேவையில்லை. கத்தரிக்காய்க் குழம்புக்கும் நல்லாயிருக்கும்.

மொரட்டுவை: பழுக்க விட்டால் இனிக்குமோ?

மஞ்சளாகும், மெதுமையாகும், இனிக்காது. பச்சையாக, இறுக்கமாக இருக்கும்போதே பிடுங்குங்கோ.

வத்தளை: ஃபிரிட்ஜில வைச்சும் நாலைஞ்சு நாளில அழுகுது. எப்பிடிச் சேமிக்கிறது?

தோல் மெல்லிசு, உள்ளே முழுக்கத் தண்ணீர். ஆகவே பச்சையாக நிற்காது. வெயிலில் காய வையுங்கோ. நீளவாக்கில் பிளந்து உப்புப் பிரட்டி ஓர் இரவு வைத்து, ஊறின தண்ணீரை வடித்துச் சுளகில் பரப்புங்கோ. கறுத்து, சுருண்டு, வளைத்தால் தோல் போல இழுபடும் வரை வெயில் வேண்டும். இந்தோனேசியாவில் ஆச்சே மக்கள் இப்படிக் காய வைத்ததை அசாம் சுந்தி என்று சொல்லி நாளாந்தக் கறிக்குப் போடுகிறார்கள். கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு நல்ல காலம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் வெயிலை நம்ப ஏலாது. அப்போது பிளந்து ஃபிரீசரில் போடுங்கோ. உருகினதும் குழைந்துவிடும், சம்பலுக்கு உதவாது, குழம்புக்குக் குறையொன்றுமில்லை. காய்ந்ததில் உப்பு நிறைய இருக்கும், அதனால் கறிக்கு உப்புப் போட முதல் ருசி பாருங்கோ.