கீறல் விழாத தோல்

அன்புள்ள சார்,

குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன்களை நீங்கள் வரிசைப்படுத்தியதைப் படித்தேன். முகமது அலி, ஜோ லூயி, லாரி ஹோம்ஸ், ஜார்ஜ் ஃபோர்மேன், ஜாக் ஜான்சன், அப்புறம்தான் ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்-அவுட். அவருக்கு ஆறாமிடமா? அலி ஐந்து முறை தோற்றவர். லூயியை மார்சியானோவே அடித்து வீழ்த்தியிருக்கிறார். அடி வாங்கியவர் மேலே, அடித்தவர் கீழே, இது என்ன கணக்கு? மைக் டைசனைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் ஜிம்மில் எல்லோரும் கோபமாக இருக்கிறோம்.

ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

ஜிம்மே கோபமாக இருக்கிறது என்றால் கொஞ்ச நாளைக்கு நான் குடியாத்தம் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

லூயியிலிருந்தே தொடங்குகிறேன். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காப்பாற்றிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்ததால்தான் மறுபடி கையுறை மாட்டினார். 1951 அக்டோபரில் மார்சியானோவோடு மோதும்போது வயது 37. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒருமுறை பாருங்கள். எட்டாவது ரவுண்டில் ஒரு வலது கைக் குத்து. லூயி கயிறுகளுக்கு நடுவே வெளியே சரிகிறார், ஒரு கால் மட்டும் கயிற்றின்மேல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு லூயியின் அறைக்குப் போய் அழுதவர் மார்சியானோ. தான் அடித்தது எந்த லூயியை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் பெரியப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். கீறலே இல்லாமல் ஒன்று வந்தால், "இது எங்கய்யா மேஞ்சது? வீட்டுலயே கட்டிப் போட்டு வளத்திருக்கான்" என்பார். முள்ளுக்காட்டில் மேய்ந்ததற்குக் கீறல் இருந்தே தீரும். தோலுக்குக் கீறல் விலையைக் குறைக்கும், சரி. ஆனால் குத்துச்சண்டைக்காரனின் தோல்விக் கணக்கில் பூஜ்யத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது பெரியப்பாவின் கேள்விதான்.

மார்சியானோ பட்டத்தைப் பறித்தபோது, அதை வைத்திருந்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. மார்சியானோ தான் சாம்பியனாகி ஆறு முறை காப்பாற்றியதோடு, 1956இல், 32 வயதில் நிறுத்திக்கொண்டார். புத்திசாலித்தனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஹோம்ஸைப் பாருங்கள். 48 சண்டைகளில் தோல்வியே இல்லை. 1985இல் 49ஆவதாக மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் போய் புள்ளிகளில் தோற்றார். ஒரு சண்டைக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தால் அவரும் தோற்காதவர்தான்.

அலியின் ஐந்து தோல்விகளில் முதல் மூன்று ஃப்ரேசியர், நார்ட்டன், லியோன் ஸ்பிங்க்ஸ் ஆகியோரிடம். மூவரையும் திரும்பக் கூப்பிட்டு ஜெயித்தார். அதில் ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு முறை. இந்தத் தோல்விகளுக்கெல்லாம் முன்னால், படையில் சேர மறுத்ததற்காக மூன்றரை வருடம் அவரை ரிங் ஏறவே விடவில்லை. கடைசி இரண்டு தோல்விகள் வந்தபோது அவர் பழைய அலியே இல்லை. 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டார். ஆம்பூரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா, "போட்டோல இருக்கற மாதிரி இல்லடா, வயிறு தெரியுது" என்று மட்டும் சொன்னார். அதே வருடம் அக்டோபரில் அலி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கி, பதினோராவதுக்கு ஸ்டூலிலிருந்து எழவில்லை. அதை ஐந்தில் ஒன்றாக எண்ணுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

டைசன்: 20 வயதில் சாம்பியன். 1987இல், மூன்று அமைப்புகள் தனித்தனியாகக் கொடுத்துவந்த மூன்று சாம்பியன் பெல்ட்டையும் ஒன்றாக்கினார். பழைய வட ஆற்காட்டை மறுபடி ஒட்டவைப்பது மாதிரியான வேலை அது. (நம் ஜில்லா இன்று நான்கு மாவட்டம், ஹெவிவெயிட் பெல்ட்டும் நான்கு.) ஆனால் 1990இல் டோக்கியோவில் டக்ளஸிடம் விழுந்தார், பிறகு ஹோலிஃபீல்டிடம் இரண்டு முறை, லெனாக்ஸ் லூயிஸிடம் ஒரு முறை. தோற்ற ஒருவரிடமும் கடனைத் திருப்பித் தரவில்லை. முதல் பத்தில் வைக்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1952இல் அதே வால்காட்டோடு நடந்த சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ தரையில். 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளிகளில் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றில் அரை அடி தூரத்திலிருந்து ஒரே ஒரு வலது கைக் குத்து. வால்காட் கயிற்றில் இடது கையை மாட்டிக்கொண்டு அப்படியே மடங்கிச் சரிந்தார். உங்கள் கடிதம் வந்த இரவு அதை மறுபடி நான்கு தடவை பார்த்தேன். அந்தக் குத்துக்காகவே ஒரு படி ஏற்றலாம்தான். ஆனால் ஏற்றினால் ஜாக் ஜான்சனை இறக்க வேண்டும். 1908இல், உலகமே எதிரே நின்று கறுவிக்கொண்டிருக்க, பட்டத்தை வாங்கிய முதல் கறுப்பர் அவர். உங்கள் ஜிம்மில் கேட்டுச் சொல்லுங்கள், யார் இறக்குகிறீர்கள்?

அன்புடன்.